பதவி உயர்வு வேண்டாம் என்கிற நல்ல ஊழியரை எப்படி நடத்துவது?

கோட்டை டெஸ்க்:
கொழும்பு 1இல் ஃபிரெய்ட் ஃபோர்வர்டிங் நிறுவனம், அதாவது மற்றவர்களின் சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்வது. டொகுமென்டேஷன் பிரிவில் ஏழு பேர். அதில் ஒரு அக்காவுக்கு 11 வருட சேவை. பி.எல். (சரக்கு ஏற்றியதற்கான பத்திரம்), மெனிஃபெஸ்ட் (கப்பலின் சரக்குப் பட்டியல்), டி.ஓ. (சரக்கை விடுவிக்கும் கட்டளை) எதுவானாலும் அவர் கை பட்டால் பிழை வராது. அசிஸ்டன்ட் மனேஜர் பதவியை இரண்டு தரம் கொடுத்தோம், இரண்டு தரமும் வேண்டாம் என்றுவிட்டார். சம்பளம் அவருடைய கிரேடின் உச்சத்தில் முட்டி நிற்கிறது. அப்ரைசல் ஃபோமில் 'வளர்ச்சி ஆற்றல்' என்ற கட்டத்தில் புள்ளி குறைவதால் போனஸும் குறைகிறது. மேலிடமோ, "ஏற விருப்பமில்லாதவர் இளையவர்களுக்கு வழிவிடட்டும்" என்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. சம்பளத்தை எப்படி உயர்த்துவது, அப்ரைசலை எப்படி எழுதுவது?

சம்பளத்தாள்:
அவருடைய விருப்பத்தைப் பற்றிப் பேச முதல், அந்தப் பதவி உயர்வு அவர் கைக்கு என்ன கொண்டுவருகிறது என்று கணக்குப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 96,000 ரூபாய் என்று வையுங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் மணித்தியாலக் கூலி 240ஆல் பிரித்து வருவது, அதாவது 400. ஓ.டி. (மேலதிக நேர வேலை) ஒன்றரை மடங்கு, 600. கப்பல் கட்-ஓஃப் (ஆவணம் கொடுக்கக் கடைசி நேரம்) நாட்களில் தங்கி மாதம் 40 மணித்தியாலம் செய்தால் 24,000. எக்செக்யூட்டிவ் கிரேடுக்குப் போனதும் அநேகமான நிறுவனங்களில் ஓ.டி. நின்றுவிடும். நீங்கள் கொடுக்கும் உயர்வு 15,000 என்றால், அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 8% ஆக 1,200 போகும். மாதம் 10,200 ரூபாய் குறைவாக வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிறீர்கள். வேலை நேரம் அப்படியே இருக்கும், பொறுப்பு மட்டும் கூடும்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓ.டி.க்கு சேமலாப நிதி கிடையாது. அடிப்படைச் சம்பளம் 15,000 கூடினால் நிறுவனத்தின் 12% பங்கில் 1,800, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் (ETF) 3% பங்கில் 450 மாதாமாதம் அவர் பெயரில் சேரும். வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை கடைசிச் சம்பளத்தை வைத்து, வருடத்துக்கு அரை மாதம் என்று கணக்கிடப்படுவது. ஆகவே கழிந்த 11 வருடத்துக்கு மட்டும் 82,500 கூடும். இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். அதைப் பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் காரணம் காசல்ல.

பம்பலப்பிட்டி 4:
காசல்ல என்றால் எது என்பதைக் கேட்கிற விதம் முக்கியம். "ஏன் வேண்டாம்?" என்று கேட்டால் பிள்ளைகள், வீடு, அம்மாவின் சுகமின்மை என்று மரியாதையான பதில்தான் வரும். "அந்த வேலையில் எந்தப் பகுதி உங்களுக்குப் பிடிக்காது?" என்று கேளுங்கள். லீவு மறுப்பது, அப்ரைசல் எழுதுவது, கஸ்டமரின் ஏச்சை வாங்குவது என்று குறிப்பாக வரும். அவற்றில் சிலதைப் பதவியிலிருந்து பிரித்தெடுக்கவும் முடியும். வருடத்துக்கு ஒரு தரம் மறுபடி கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பிள்ளை ஓ.எல். முடித்ததும் விருப்பம் மாறக்கூடும்.

சம்பளத்துக்கு வழி, ஆட்களை நிர்வகிக்காத ஒரு சிரேஷ்ட நிபுணர் கிரேடு. அதன் உச்சம் அசிஸ்டன்ட் மனேஜர் கிரேடின் நடுப்பகுதியைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருடத்தில் இதே சுவரில் திரும்ப முட்டுவீர்கள். நுழைவதற்கான தகுதியை ஆளுக்காக எழுதாமல் வேலைக்காக எழுதுங்கள்: நூறு பி.எல்.லுக்கு எத்தனை அமெண்ட்மென்ட் (திருத்தம்) தன் பிழையால் வந்தது, எத்தனை கட்-ஓஃப் தவறியது, ஆபத்தான சரக்கு போன்ற சிக்கலான ஃபைல்களைத் தனியே முடிக்கிறாரா. ஆவணங்களின் இறுதி டிராஃப்டை ஒப்புதல் செய்யும் அதிகாரத்தையும் அந்தக் கிரேடோடு கொடுங்கள். அதிகாரமில்லாத புதுப் பெயரை எவரும் மதிக்கமாட்டார்கள். புதிய கிரேடில் ஓ.டி. தொடருமா என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். சண்டை வருகிற இடம் அதுதான்.

அப்ரைசலில் 'வளர்ச்சி ஆற்றல்' கட்டத்தைப் போனஸிலிருந்து கழற்றுங்கள். அடுத்த மனேஜர் யார் என்று திட்டமிட அந்தத் தகவல் தேவை, ஆனால் போனஸ் இந்த வருட வேலைக்கானது. இரண்டும் ஒரே கூட்டுத்தொகையில் விழும்போது, திறமான ஆளுக்கு ஆசையில்லை என்பதற்காகத் தண்டம் விதிக்கிறோம். இது அநியாயம்.

இன்னொன்று. பதவி வேண்டாம் என்றவரிடமே புதியவர்களைப் பழக்குவது, மனேஜர் லீவில் போனால் பார்த்துக்கொள்வது என்று அதே வேலை மெல்ல மெல்லச் சேரும். பழக்கச் சொன்னால் கிழமைக்கு நாலு மணித்தியாலம் ஒதுக்கி, அந்தளவு ஃபைலை அவர் மேசையிலிருந்து எடுங்கள்.

நாரஹேன்பிட்டி:
"வழிவிடட்டும்" என்ற பேச்சை எழுத்தில் வரவிடாதீர்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியோ வேண்டும் (1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம்). பதவி உயர்வை மறுப்பது ஒழுக்காற்றுக் குற்றமல்ல. மேசையை மாற்றி, வேலையைப் பறித்து, அவராகவே கடிதம் கொடுக்கும்வரை நெருக்கினால் அதுவும் பணிநீக்கம் என்று தொழில் நியாயசபைக்குப் போகலாம். ஃபைலில் நாலு வரி போதும்: எந்தத் திகதியில் எந்தப் பதவி கொடுக்கப்பட்டது, அவர் ஏற்கவில்லை, வாய்ப்பு திறந்திருக்கிறது, இதனால் அவருடைய தற்போதைய நிலைக்குப் பாதிப்பில்லை.

கோட்டை டெஸ்க்:
மிக்க நன்றி. அந்தப் பதவிக்கு இப்போது அவரைவிட ஏழு வயது இளைய தம்பி ஒருவர் வரப்போகிறார். அது சரிவருமா?

பம்பலப்பிட்டி 4:
சரிவரும், முன்னரே சொன்னால். அறிவித்தல் மெயில் போவதற்கு முதல் அக்காவிடம் நேரில் சொல்லுங்கள். மற்றவர்கள் வாயால் கேட்க வைத்தால் காயம் ஆறாது. தம்பியிடமும் எல்லையைத் தெளிவாகப் பிரித்துக் கொடுங்கள்: லீவு, வேலைப் பங்கீடு, கஸ்டமர் முறைப்பாடு அவருடையது, டிராஃப்ட் சரியா பிழையா என்பது அக்காவின் முடிவு. பிரிவு ஆட்கள் லீவு கேட்டு அக்காவிடம் போனால், அவரே தம்பியிடம் அனுப்ப வேண்டும். முதல் மாதத்தில் இது பழகாவிட்டால் பிறகு திருத்துவது கஷ்டம்.

இளையவர்களுக்கு வழி அடைபடுகிறது என்ற மேலிடத்தின் கவலைக்கும் இதுவே பதில், அவர் ஏறாததால்தானே தம்பிக்கு இடம் கிடைத்தது. உண்மையான ஆபத்து எல்லாம் அவர் தலைக்குள் இருப்பது. வருடாந்த லீவு 14 நாளில் 7 நாளையாவது தொடர்ச்சியாக எடுக்கச் சொல்லுங்கள், அந்தக் கிழமை அவர் மேசையை ஒரு ஜூனியர் பார்க்கட்டும். அவருக்கு ஃபோன் எடுக்க நேர்ந்த ஒவ்வொரு கேள்வியையும் குறித்து வையுங்கள். அடுத்துப் பழக்க வேண்டியவை அவைதான்.