டிரெய்லர் பாடியைத் தூக்கிய கதை: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

உச்சிப்புளியில் எங்கள் தோப்பில் நாலு வருஷமாக ஒரு பழைய கேரவன் டிரெய்லர் நின்றது. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வகை. 14 அடி, ரிவெட் அடித்த அலுமினியத் தகடு. மதுரையில் பழைய இரும்பு விலைக்கு வாங்கியது. வெளியே குறை சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே கட்டிலை நகர்த்திவிட்டுக் கால் வைத்தேன், பிளைவுட் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்வாங்கியது.

தரையை மட்டும் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சேஸிஸ் (அடியில் தாங்குகிற இரும்புச் சட்டம்) மேல் பிளைவுட், பிளைவுட் மேல் சுவர், மூன்றையும் சேர்த்து ஒரே போல்ட். ஓரம் முழுக்க மக்கிவிட்டதால் பாடியைத் தூக்காமல் வழியில்லை.

டிங்கர் மிஸ்திரி உள்ளே ஆங்கிள் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக முட்டுக் கொடுக்கவே இரண்டு நாள் எடுத்தார். எனக்குக் கடுப்பு. "அடியில்லாத அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பாருங்க, தெரியும்" என்றார்.

போல்ட் எதுவும் கழலவில்லை, கிரைண்டரில் தலையை அறுத்தோம். முன்னும் பின்னும் பனங்கட்டையில் கவை நட்டு, செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) மாட்டி இழுத்தால் முன்பக்கம் அழகாக எழுந்தது. பின்பக்கத்தில் சேஸிஸும் கூடவே ஏறுகிறது. "நிறுத்துப்பா!" என்பதற்குள் தகடு டப்பென்றது. சக்கரத்துக்கு மேலே, தார் பூச்சுக்குள் இரண்டு போல்ட் ஒளிந்திருந்தன. அந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மடிப்பு இன்றும் இருக்கிறது.

சேஸிஸில் துரு இருக்கும் என்று தெரியும். அலுமினியத்தைத்தான் எதிர்பார்க்கவில்லை. இரும்பைத் தொட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடி, நகத்தால் சுரண்டினால் ஓட்டை. உப்பு ஈரத்தில் இரண்டும் ஒட்டியிருந்தால் முதலில் கரைவது அலுமினியம்தானாம். இப்போது நடுவில் ரப்பர் பட்டை கொடுத்திருக்கிறோம். தரைக்கு ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை போட்ட, தண்ணீர் தாங்குகிற மரைன் பிளைவுட், வெட்டிய ஓரத்துக்கெல்லாம் எப்பாக்ஸி.

பெயின்ட் வேலை கடல் உப்பைச் சுமந்து வரும் கச்சான் காற்றில் மாட்டிக்கொண்டது. முதல் கோட் பிரைமர் காய்ந்து மறுநாள் தடவினால் கையில் உப்பு. கழுவி, காயவிட்டு, அப்புறம்தான் இரண்டாவது கோட். விலைக்கு வாங்கிய நல்ல தண்ணீரில் வண்டியைக் குளிப்பாட்டினேன் என்று வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

தொண்டியிலிருந்து:
ஜீப்பில் இந்த வேலை சுலபம்ணே, போல்ட் குறைவு. ஆனால் நான் பாடியையும் சேஸிஸையும் இணைக்கிற எர்த் வயரைக் கழற்ற மறந்துவிட்டேன். பாடி அரை அடி எழுந்ததும் வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. தூக்குவதற்கு முன்னால் ஒரு ஆள் டார்ச்சோடு அடியில் படுத்து, சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

பாம்பனிலிருந்து:
இங்கே பழைய ரயில் பாலத்துக்கே பெயின்ட் அடித்து மாளவில்லை. 1914-இல் திறந்தது, துரு தின்று 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். சரி, உங்கள் சேஸிஸ் குழாயா, சி-சேனலா (ஒரு பக்கம் திறந்த ‘C’ வடிவ இரும்பு)? என் படகு டிரெய்லர் குழாய். வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது, உள்ளே தேங்கிய உப்புத் தண்ணீர் அரித்து, வளைவில் ஒடிந்தே விட்டது. சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல குழாய் கணீரென்று கேட்கும்.

உச்சிப்புளி:
சேஸிஸ் சி-சேனல்தான் அண்ணே. ஆனால் முன்னால் இழுக்கிற ஏர்க்கால் குழாய். அதையும் சேர்த்து இரண்டு கோட் அடித்து முடித்தாயிற்று. விடிந்ததும் சுத்தியலோடு போகிறேன்.