லைட்ஹவுஸ் ஏற எந்த நேரம் நல்லது? முழங்கால் வலியோடு ஏறலாமா?

கேள்வி:
நானும் மனைவியும் கடற்கரையில் ஒரு நாள் அவசரமில்லாமல் கழிக்கப் போகிறோம். கலங்கரை விளக்கத்தில் ஏற இருவருக்கும் ஆசை. ஆனால் அவருக்கு முழங்கால் வலி, உயரம் என்றால் கொஞ்சம் பயமும் உண்டு. எப்போது ஏறலாம்? மேலே என்ன பார்ப்பது? இருட்டும் வரை இருப்பதில் பலன் உண்டா?

பதில் (படிக்கட்டு):
முதலில் படிக் கணக்கைப் போடுங்க. பால்கனி தரையிலிருந்து 30 மீட்டர் என்றால், படிக்கு 18 செ.மீ. வீதம் சுமார் 165 படி. பலகையில் உள்ள உயரத்தை அப்படியே எடுத்துக்காதீங்க. பல இடங்களில் அது கடல் மட்டத்திலிருந்து விளக்குக்கு உள்ள உயரம். குன்றின் மேல் நிற்கும் கோபுரம் குட்டையாகவே இருக்கும்.

சுழல் படி உள்பக்கம் குறுகி, வெளிப்பக்கம் அகன்றிருக்கும். அகன்ற பக்கமாகவே ஏறுங்க, இறங்குங்க. எதிரே ஆள் வந்தால் படியில் ஒதுங்காமல், இடைத்தளத்தில் நின்று வழிவிடுங்க. முழங்காலைப் படுத்துவது இறக்கம்தான். வலிக்கிற காலை முதலில் கீழே வைக்கணும், கை கைப்பிடியை விடக்கூடாது. உச்சியில் பெரும்பாலும் செங்குத்தான இரும்பு ஏணி இருக்கும். ஏணியைப் பார்த்தபடிதான் இறங்கணும். முதுகுப்பை அந்தத் திறப்பில் சிக்கும், கீழேயே வைத்துவிடுங்க. பின்வார் இல்லாத செருப்பும் வேண்டாம்.

உயரப் பயத்துக்கு: பால்கனித் தளம் இரும்புச் சட்டமாக இருந்தால் காலடியில் தரை தெரியும், பயம் அங்கேதான் பிடிக்கும். சுவரில் முதுகைச் சாய்த்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்க. முடியாவிட்டால் கட்டாயப்படுத்தாதீங்க.

பதில் (நேரம்):
காலையே என் தேர்வு. தரை சூடேறியபின் கடல்காற்று பிற்பகலில்தான் உச்சத்துக்கு வரும். பால்கனியில் தொப்பி நிற்காது. மூடும் நேரத்துக்குச் சற்று முன்பே பல இடங்களில் ஆள் ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கண் மட்டம் கடலிலிருந்து 36 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் சுமார் 22 கி.மீ. தூரத்தில் இருக்கும், பைனாகுலர் கைகொடுக்கும்.

மதியம் பாறைப் பக்கம் நடப்பதானால் நீர் இறங்கும்போது போய், ஏறத் தொடங்கும்முன் திரும்புங்கள். வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய கணக்கு இன்று உதவாது.

கேட்டவர்:
நன்றி. விளக்கைச் சுற்றிப் பகலில் திரை போட்டிருப்பார்களாமே, ஏன்?

பதில் (லென்ஸ்):
லென்ஸ் உள்ளிருக்கும் ஒளியை வெளியே குவித்து அனுப்புவதுபோல, வெளி வெயிலையும் உள்ளே குவிக்கும். விளக்கு பழுதாகும், தீயும் பிடிக்கலாம். அதனால்தான் திரை, சில இடங்களில் பகலிலும் லென்ஸைச் சுழலவிடுவார்கள். திரை இல்லாத பக்கம் கிடைத்தால் கண்ணாடி வளையங்களைக் கிட்டத்தில் பாருங்கள்: நடுவில் குவிலென்ஸ், மேலும் கீழும் ஒளியைத் திருப்பிவிடும் பட்டகங்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனெல் வடிவமைத்த வளைய லென்ஸ் 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் ஏற்றப்பட்டது. விரல் படவே கூடாது, எண்ணெய்ப்பசை ஒளியைச் சிதறடிக்கும்.

அவசியம் இருட்டும் வரை இருங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனித் தாளம் உண்டு, மாலுமிக்கு அதுதான் அடையாளம். நான்கு முகம் கொண்ட லென்ஸ் 20 விநாடியில் ஒரு சுற்று வந்தால் 5 விநாடிக்கு ஒரு வெட்டு, அதாவது ஒரு பளிச்சிடல். வெட்டுகள் கூட்டமாக வந்தால், நீண்ட இருளுக்குப் பின் வரும் முதல் வெட்டில் கடிகாரத்தைத் தொடங்கி, அடுத்த கூட்டத்தின் முதல் வெட்டில் நிறுத்துங்கள். ஒருவர் எண்ண, மற்றவர் நேரம் பார்க்கலாம். இந்த இடைவெளியைத் தொடர்ந்து ஐந்து முறை சேர்த்து அளந்து ஐந்தால் வகுத்தால் கைத்தடுமாற்றம் குறைந்துவிடும்.