வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் பொருந்துமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
ஓய்வுபெற்ற ஆசிரியரான என் தந்தையார் மின்னஞ்சல் பார்க்கவும் தமிழில் கடிதம் எழுதவும் மட்டுமே கணினியைப் பயன்படுத்துகிறார். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், அதற்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நிறுவலாமா?

பதில் (அம்பாசமுத்திரம்):
தாராளமாக நிறுவலாம், ஐயா. முதலில் பென் டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மூன்று ஆண்டுகளாக லினக்ஸ் மின்ட்டைப் பயன்படுத்தும் என் தாயாருக்கு, இணையம் பார்க்கப் பயர்பாக்ஸும் கடிதம் எழுத லிப்ரே ஆபீஸும் போதுமானவையாக இருக்கின்றன. தமிழ்99 விசைப்பலகையை மட்டும் நீங்களே அமைத்துக் கொடுங்கள்.

பதில் (தென்காசி):
பழைய கடிதங்கள் யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துருவையும் நிறுவாதவரை எழுத்துகள் சிதைந்தே தெரியும். என் மாமா இதனால் மிகவும் மனம் வருந்தினார்.

கேள்வி கேட்டவர்:
அப்படிப்பட்ட கடிதங்கள் அவரிடம் நிறையவே உள்ளன. பென் டிரைவில் அவற்றையே முதலில் திறந்து பார்க்கிறேன்.