எஃப்எல் ஸ்டுடியோ: ப்ரூட்டியிலிருந்து ப்ரொட்யூசருக்கு மாறலாமா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் மொரீஷியஸ், கத்ர போர்னில் இருக்கிறேன். தைப்பூசக் காவடிக்கு எங்கள் குழு பாடும் முருகன் பாடல்களை நான்தான் வீட்டில் பதிவு செய்கிறேன். கையில் இருப்பது கணினியில் இசை அமைக்கும் மென்பொருளான எஃப்எல் ஸ்டுடியோவின் அடிப்படைப் பதிப்பு, ப்ரூட்டி. தாளம், தம்பூரா, கீபோர்டு வரைக்கும் குறையே இல்லை.

சிக்கல் குரலில்தான். என்னிடம் இருக்கும் ப்ரூட்டி வெர்ஷனில் நேரடியாகக் குரல் பதிய முடியாது, பாட்டை வரிசையாக அடுக்கும் பிளேலிஸ்ட்டில் ஆடியோ கிளிப்பும் (பதிந்த ஒலித் துண்டு) வைக்க முடியாது. அதனால் தங்கையின் குரலைப் போனில் பதிந்து, வரிவரியாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சாம்ப்ளரில் (ஒலித் துண்டை வாத்தியம் போல வாசிக்கும் கருவி) ஏற்றி, ஸ்வரங்களை எழுதும் பியானோ ரோலில் ஒரு நோட்டாக வைக்கிறேன். சரணத்தின் நடுவில் பிளே அழுத்தினால் மிருதங்கம் மட்டும் ஒலிக்கும், குரல் வராது. அந்த வரியின் தொடக்கத்துக்கே போக வேண்டும். ஒரு பாட்டுக்கு இரண்டு இரவு போகிறது.

அடுத்த பதிப்பான ப்ரொட்யூசருக்கு மாறினால் இது தீரும், விலை வித்தியாசத்தைக் கட்டினால் போதும், பிறகு வரும் அப்டேட்டுகளும் இலவசம். அதெல்லாம் சரி. ஆனால் சுருதி திருத்தும் நியூடோன் என்ற கருவி அதற்கும் மேலான சிக்னேச்சர் பதிப்பில்தான் வருகிறது. நேராக அதற்கே போய்விடவா? இல்லை, ரீப்பர் என்ற வேறொரு ஒலிப்பதிவு மென்பொருளை 60 டாலருக்கு வாங்கி, குரல் வேலையை மட்டும் அதில் செய்யலாமா? என் மனம் ப்ரொட்யூசர் பக்கம்தான் சாய்கிறது.

பஜனை, நாட்டுப்புறப் பாடல் பதிகிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். அடுத்த தைப்பூசத்துக்குள் ஆறு பாடல்களையும் முடிக்க வேண்டும்.