வரங்கள் வெவ்வேறு, சபை ஒன்று: சேர்ந்து ஊழியம் செய்வது எப்படி?

கேள்வி (எழுதியவர்: திராட்சக்கொடி)

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் பிரசங்கம், பாடல், ஞாயிறு பள்ளி, வீட்டு ஜெபக்கூட்டம் என எல்லாவற்றையும் ஒரு சிலரே சுமக்கிறார்கள். மற்றவர்கள் ஆராதனைக்கு வந்து வீடு திரும்புகிறார்கள். இதை மாற்ற விரும்பிய, சபையை நடத்தும் மூப்பர்கள், ஒவ்வொருவரும் ஊழியத்திற்கென்று தேவனால் தமக்கு அருளப்பட்ட வரம், அதாவது திறன், எது என்று எழுதித் தரும்படி ஒரு வினாத்தாளைக் கொடுத்தார்கள். பலரும் ஆர்வத்தோடு எழுதினார்கள். ஆனால் போதிப்பதையும் பாடுவதையும் குறிப்பிட்டவர்களுக்கு மட்டுமே பொறுப்பு கிடைத்தது. இரக்கம், உதவி செய்தல் என்று எழுதியவர்களை இதுவரை யாரும் அழைக்கவில்லை.

ஒரே சரீரம், அநேக அவயவங்கள் என்று 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் பலமுறை தியானித்திருக்கிறோம். வெவ்வேறு வரமுள்ளவர்கள், ஆளுக்கொரு பிரிவாக ஒதுங்கிவிடாமல், ஒரே காரியத்தில் ஒருவரையொருவர் தாங்கி ஊழியம் செய்வது நடைமுறையில் எப்படி என்பதே என் கேள்வி.

பதில் (எழுதியவர்: ஒலிவமரம்)

சகோதரரே, வினாத்தாள் கொடுத்ததில் தவறில்லை. ஆனால் அது ஒருவரைத் தனியே உட்காரவைத்துத் தம்மையே ஆராயச் சொல்கிறது. புதிய ஏற்பாட்டிலோ, ஒருவருடைய வரம் பெரும்பாலும் இன்னொருவரோடு சேர்ந்து உழைக்கும்போதுதான் வெளிப்படுகிறது, முழுமையும் அடைகிறது. ஆதிச் சபையில் போதித்த அப்பொல்லோ சொல்வன்மை மிக்கவர், வேதவாக்கியங்களில் வல்லவர். ஆயினும் யோவானுடைய ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். கூடாரத் தொழில் செய்துவந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விளக்கிக் காட்டினார்கள் என்று அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர்கள் அவரைக் கூட்டத்தின் முன் திருத்தவுமில்லை, அவருடைய இடத்தைப் பிடிக்கவுமில்லை.

ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பவுல் சொல்ல, அதை எழுதியவர் தெர்தியு. 16ஆம் அதிகாரத்தில் அவரே தம் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார். கெங்கிரேயா சபைக்கு ஊழியம் செய்த பெபேயாள்தான் அந்த நிருபத்தைக் கொண்டுசென்றவர் என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். உபதேசம் ஒருவருடையது, அது சபையின் கைக்குப் போய்ச் சேர வேறு இருவர் தேவைப்பட்டார்கள்.

இன்னொன்றையும் உங்கள் மூப்பர்களுக்குச் சுட்டிக்காட்டலாம். 1 கொரிந்தியர் 12:28இல் அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், போதகர்கள், அற்புதங்கள் என்று செல்லும் அதே வரிசையில்தான் உதவி செய்யும் ஊழியங்களும் ஆளுகைகளும் வருகின்றன. 14ஆம் அதிகாரத்தில், தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள் இரண்டு மூன்று பேராகப் பேச, மற்றவர்கள் அதை ஆராய்ந்து நிதானிக்கும்படியும், அருகில் இருப்பவருக்கு ஏதேனும் வெளிப்பட்டால் முதலில் பேசியவர் அமைந்திருக்கும்படியும் பவுல் ஒழுங்கு ஏற்படுத்துகிறார். பேசும் வரம் பெற்றவருக்கே, நிறுத்தி இன்னொருவருக்கு இடம்கொடுக்கும் கடமையும் வைக்கப்பட்டிருக்கிறது என்பது என்னை மிகவும் சிந்திக்க வைக்கும் பகுதி.

பதில் (எழுதியவர்: பெத்தானியா)

நான் எங்கள் சபையில் வீடு சந்திக்கும் குழுவில் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். பொறுப்பைப் பிரிவு பிரிவாகப் பங்கிட்டுக் கொடுப்பதைவிட, ஒரு தேவையை எடுத்து, வெவ்வேறு வரமுள்ள மூன்று பேரிடம் சேர்த்து ஒப்படைப்பது நல்ல பலன் தருகிறது.

பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த ஒரு சகோதரரின் வீட்டுக்கு அப்படித்தான் சென்றோம். போதிக்கும் வரமுள்ள மூப்பர் படுக்கையருகே அமர்ந்து சங்கீதம் வாசித்து ஜெபித்தார். எதையும் ஒழுங்குபடுத்திப் பழகிய வாலிபர் ஒருவர், மேசைமேல் கலந்துகிடந்த மாத்திரை அட்டைகளை மருத்துவரின் சீட்டோடு ஒப்பிட்டு, காலை, மதியம், இரவு என்று பிரித்து, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். எங்களோடு வந்த வயதான சகோதரி அதிகம் பேசவில்லை. நோயாளியின் மனைவியோடு சமையலறையில் நின்று பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரவில் கணவரைத் திருப்பிப் படுக்கவைப்பதற்காக அடிக்கடி எழுந்து, தான் சரியாகத் தூங்கி வெகுநாளாகிறது என்பதை அந்த மனைவி அவரிடம் மட்டும்தான் சொன்னார். எங்கள் முன்னிலையில் கேட்டபோதெல்லாம் அவர், "ஒரு குறையும் இல்லை" என்றே சொல்லியிருந்தார்.

திரும்பும் வழியில் அந்தச் சகோதரி இதைச் சொல்ல, இரவில் துணையிருக்கக்கூடியவர்களின் பட்டியலை வாலிபர் தயாரித்தார். மூப்பர் அவர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் பேசினார். மூவரில் எவர் வராதிருந்தாலும் அந்த உதவி நடந்திருக்காது. இரக்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உங்கள் சபையில் இருக்கிறார்கள் என்றால், அவர்களுடைய கண்களுக்கு மட்டுமே தெரியக்கூடிய தேவைகள் இன்று யாருக்கும் தெரியாமல் கிடக்கின்றன என்று பொருள்.

பதில் (எழுதியவர்: மேய்ப்பன்கோல்)

மேலே சொல்லப்பட்டவற்றை நான் ஏற்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை அவசியம். "அது எனக்குரிய வரம் அல்ல" என்று சொல்லி, எல்லா விசுவாசிகளுக்கும் கட்டளையாகக் கொடுக்கப்பட்டவற்றிலிருந்து விலகிக்கொள்பவர்களை நான் கண்டிருக்கிறேன். இரக்கம் காட்டுவதும், கொடுப்பதும், உபசரிப்பதும் எல்லோருக்கும் உரிய கடமைகள். அவற்றில் சிலருக்கு விசேஷித்த கிருபை இருக்கிறது என்பதால் மற்றவர்களுக்கு விலக்கு கிடைத்துவிடுவதில்லை.

பெயர் ஒட்டிவிடுவதிலும் ஆபத்து உண்டு. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், பந்தி விசாரிப்புக்காக, அதாவது உணவுப் பகிர்வைக் கவனிப்பதற்காக, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு சபையிடமே விடப்பட்டது. அவர்களில் ஸ்தேவான் மிகச் சிறந்த பிரசங்கங்களுள் ஒன்றைச் செய்து இரத்தசாட்சியாக மரித்தார். பிலிப்பு சமாரியாவில் சுவிசேஷம் அறிவித்தார். விதவைகளின் அன்றாட விசாரிப்பை ஏற்றுக்கொண்டவர்கள் அதோடு நிறுத்தப்படவில்லை. எனவே வினாத்தாளில் ஒருவர் எழுதியதை அவருடைய நிரந்தர அடையாளமாகக் கொள்ள வேண்டாம்.

கொரிந்து சபை யாதொரு வரத்திலும் குறைவில்லாத சபை என்று பவுலே எழுதுகிறார். அதே அதிகாரத்தில் அங்கிருந்த பிரிவினைகளையும் கண்டிக்கிறார். வரங்களைப் பற்றிய இரண்டு அதிகாரங்களுக்கு நடுவே அன்பின் அதிகாரத்தை (13) அவர் வைத்ததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

மறுமொழி (எழுதியவர்: திராட்சக்கொடி)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு தடைகள் எனக்குத் தெரிகின்றன. அழைக்கப்படாதவர்கள் மனம் சோர்ந்திருக்கிறார்கள். ஏற்கெனவே பொறுப்பில் இருப்பவர்களில் சிலர், சுமை அதிகம் என்று சொன்னாலும் அதை விட்டுக்கொடுக்கத் தயங்குகிறார்கள்.

பதில் (எழுதியவர்: ஒலிவமரம்)

இரண்டாவது தடை மிகப் பழையது. மோசேயின் காலத்தில் எல்தாத், மேதாத் என்னும் இருவர் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொன்னபோது, அவர்களைத் தடுக்கும்படி மோசேயின் ஊழியக்காரனாகிய யோசுவா வேண்டினார். மோசேயோ, கர்த்தருடைய ஜனங்கள் எல்லாரும் தீர்க்கதரிசிகளானால் நலமாயிருக்குமே என்றார் (எண்ணாகமம் 11). பொறுப்பில் இருப்பவர்களிடம் "விட்டுவிடுங்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக, "ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்" என்று கேளுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கு அருகில் ஒருவர் அமரட்டும், ஜெபக்கூட்டம் நடத்துபவரோடு ஒருவர் செல்லட்டும்.

முதல் தடைக்கு, மூப்பர்கள் இரக்கம், உதவி என்று எழுதியவர்களின் தாள்களை மீண்டும் எடுத்து, அவர்கள் வீடுகளுக்கு நேரில் போக வேண்டும். பொதுவான அறிவிப்பு இதற்குப் போதாது. இப்போது சபையில் நோயிலோ துக்கத்திலோ இருக்கும் ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்லி, சகோதரி பெத்தானியா எழுதியதுபோல் மூவராக அனுப்பி, திரும்பி வந்ததும் ஒவ்வொருவரிடமும், தாம் என்ன செய்தார் என்று கேட்காமல், உடன் வந்த மற்ற இருவரிடம் என்ன வரத்தைக் கண்டார் என்று கேளுங்கள்.