ஓரகத்தியோடும் தங்கையோடும் ஒப்பிட்டே வளர்ந்த பகை: உங்கள் அனுபவம் என்ன?

எனக்கும் மூத்த ஓரகத்திக்கும் ஆகாது என்று சொந்தபந்தம் எல்லாம் நம்பியது, நாங்களும் நம்பினோம். அவருக்கு அறுபது பவுன் போட்டார்கள், எனக்கு முப்பது. தலைதீபாவளிக்கு யார் வீட்டிலிருந்து என்ன வந்தது, காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் எத்தனை தட்டு என்று மாமியார் ஆள் கூடும் இடத்தில் எல்லாம் சொல்லிக்காட்டுவார். மாமனாரும் கொழுந்தன்மாரும் வாய் திறக்க மாட்டார்கள், வந்த சீரை மட்டும் வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தது, ஆனால் "அவர்களாகப் பிரியப்பட்டுப் போட்டார்கள்" என்று சொல்லிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

அப்புறம் ஒருநாள் அடுப்படியில் அந்த ஓரகத்தி அக்கா அழுதுகொண்டே சொன்னார். அந்த அறுபது பவுனைக் காரணம் காட்டித்தான் அவருடைய அண்ணன்கள் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், பூர்வீக நிலத்தில் அவருக்கு ஒரு சென்ட்கூட இல்லை. 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் நாடு முழுக்கவும் இந்துக் குடும்பங்களில் மகளுக்குச் சமபங்கு என்று சட்டம் வந்த பிறகு நடந்தது இது. இத்தனை வருடம் நான் பொறாமைப்பட்ட நகை, அவருடைய பங்கைப் பறித்துக்கொண்டு கொடுத்தது. எங்கள் இரண்டு பேரையும் மோதவிட்டு லாபம் பார்த்தவர்கள் வேறு.

*

நான் யாழ்ப்பாணம். எங்கள் பக்கம் சீதனம் என்றால் நகையோடு வீடு, வளவு, காணியும் சேரும். தேசவழமை என்ற எங்கள் வழமைச் சட்டப்படி சீதனம் வாங்கிய மகளுக்குப் பிறகு பெற்றோரின் முதுசத்தில், அதாவது பரம்பரைச் சொத்தில், உரிமை இல்லை. ஆனாலும் வீடு கிடைத்த அக்காமீது காணி மட்டும் கிடைத்த தங்கைக்குக் கோபம், அம்மாவின் செத்தவீட்டில்கூட இரண்டு பேரும் பேசவில்லை. ஆருக்கு என்ன என்று பிரித்தது அப்பாவும் மாமாமாரும், அவர்களிடம் ஒரு சொல் கேட்கவில்லையே இவர்கள்!

*

அக்கா, எங்கள் வீட்டில் நிறம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று தங்கையை உள்ளறையை விட்டு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், சிவப்பாக இருக்கிறாள், மாப்பிள்ளை வீட்டார் அவளைக் கேட்டுவிடுவார்களாம். எனக்கு அவமானம், அவளுக்குச் சிறை. அதற்குப் பிறகு சரியாகப் பேசிக்கொள்ளவே எங்களுக்குப் பல வருடம் ஆனது. 1975-லிருந்து விற்ற 'ஃபேர் அண்ட் லவ்லி' சிவப்பழகு க்ரீம் 2020-ல் பெயரில் இருந்த 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது, எங்கள் சித்தி இன்னும் விடவில்லை. இப்போது என் மகளை அவள் தங்கையோடு வைத்து யாராவது நிறம் பேச ஆரம்பித்தால், குழந்தைகள் காதில் விழும்படி அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுகிறேன், வயதில் பெரியவர் என்றெல்லாம் பார்ப்பதில்லை.