பழைய கார்: அடிபட்ட வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மதுரையில் 2017 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒரே உரிமையாளர், அடிபடவே இல்லை என்கிறார் தரகர். ஆனால் வெயிலில் நிறுத்தினால் இடது முன்கதவின் நிறம் சற்று மங்கித் தெரிகிறது. அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் வாங்குகிறோம், ஏமாந்துவிடக் கூடாது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1:
தம்பி, இருபது ஆண்டுகளாக டிங்கர் வேலை பார்க்கிறேன். கதவை விடுங்கள், சின்ன உரசலுக்குக்கூடப் பெயின்ட் அடிப்பார்கள். பானெட்டைத் திறந்து, மட்கார்டை இறுக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பானர் பட்டிருக்கிறது, அதாவது மட்கார்டைக் கழற்றியிருக்கிறார்கள். பிறகு டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடித்தகட்டைத் தடவிப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் சிறு வட்டக் குழிகளாக, சீரான இடைவெளியில் இருக்கும். அங்கே மேடுபள்ளமாகப் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) தட்டுப்பட்டால் வாங்கவே வாங்காதீர்கள்.

பதில் 2:
சீட் பெல்ட்டை முழுதாக இழுங்கள். அடியில் தைத்த துணிச்சீட்டில் தயாரிப்பு ஆண்டு இருக்கும். 2017 வண்டியில் 2020 பெல்ட் என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

கேட்டவர்:
இன்று போய்ப் பார்த்தேன். பெல்ட் சரி. ஆனால் இடது மட்கார்டில் மூன்று போல்ட்டுகளின் தலை வெள்ளையாக உரிந்திருக்கிறது. ஸ்டெப்னியை எடுக்கத் தரகர் விடவில்லை. முன்பணம் கொடுக்காமல் வந்துவிட்டேன்.